வேலையை நடத்தியவர்கள்: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் கட்டுமான வரலாறு

எந்தக் காலத்துக் கட்டட வேலையானாலும் நான்கு பொறுப்புகளை யாராவது சுமந்தாக வேண்டும். சாமான் உரிய நாளில் வந்து இறங்க வேண்டும்; ஆட்கள் வேலை முடியும்வரை நிற்க வேண்டும்; பணம் தட்டாமல் வர வேண்டும்; எதற்குப் பின் எது என்ற வரிசை பிசகக் கூடாது. பொறியியல் கல்லூரிகளில் இன்று கட்டுமான மேலாண்மை என்று தனிப் பாடமாக நடத்தப்படுவதன் சாரம் இவ்வளவுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், சுமார் 12 கி.மீ. இடைவெளியில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் இந்தப் பொறுப்பு கைமாறிய வரலாற்றை அடுத்தடுத்துக் காட்டும் ஊர்கள். முன்னது கோயிலைச் சுற்றி வளர்ந்தது. பின்னது ஆலையைச் சுற்றி வளர்ந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம் 11 நிலைகளும் 192 அடி உயரமும் கொண்டது. பாண்டிய மன்னன் அளித்த பொற்கிழியைக் கொண்டு பெரியாழ்வார் எழுப்பியது என்பது தலபுராண மரபு. கோயிலின் மண்டபங்களிலும் தூண் சிற்பங்களிலும் நாயக்கர் காலத்துக் கைவண்ணம் மிகுதி. திருமலை நாயக்கரின் (ஆட்சிக்காலம் 1623 - 1659) திருப்பணிகளுக்கு இவ்வூரில் தனி இடம் உண்டு. தமிழக அரசின் முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்பது பரவலான கருத்து. மதுரை மேலைக் கோபுரம் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். அந்த முத்திரை உருவான 1949இல் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர்.

இப்படிப்பட்ட கோபுரத்தை நடத்தி முடிக்கும் ஏற்பாட்டைச் சிற்ப நூல்கள் தெளிவாகவே வகுத்திருக்கின்றன. மயமதம் கட்டடத் தொழிலாளரை நான்காகப் பிரிக்கிறது. முழு வேலைக்கும் பொறுப்பாளர் ஸ்தபதி. நூல் பிடித்து அளவு போடுபவர் சூத்ரகிராகி. இவர் பெரும்பாலும் ஸ்தபதியின் மகனோ மாணவரோ. கல்லையும் மரத்தையும் அளவுக்குச் செதுக்குபவர் தட்சகர். செதுக்கியதை இணைத்து ஏற்றுபவர் வர்த்தகி. நூல்களில் ஸ்தபதிக்குச் சொல்லப்படும் தகுதிகளில் கைத்திறன் ஒரு பகுதிதான். கணக்கு அறிந்திருக்க வேண்டும், கோபமும் பொறாமையும் ஆகாது, சாஸ்திரம் தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டியல் நீள்கிறது. பல ஆண்டுகள் பல நூறு பேரை ஒரே இடத்தில் வைத்து வேலை வாங்கப் போகிறவரைப் பற்றிய எச்சரிக்கை அது. கட்டித் தருகிறவரின் குணத்தைக்கூட விதியாக எழுதி வைத்த அந்தக் கவனம் பிற்காலத்து டெண்டர் பத்திரங்களில் தென்படுவதில்லை.

கோபுரத்தின் அமைப்பிலேயே வேலை வரிசை எழுதப்பட்டிருக்கிறது. அடித்தளமும் வாயிலை ஒட்டிய கீழ்ப்பகுதியும் கருங்கல். அதற்கு மேல் எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். கனமான கல் வேலை அந்தக் கீழ்ப்பகுதியோடு முடிந்துவிடும். அதன் பிறகு உயரே போவது ஒரு ஆள் தூக்கக்கூடிய செங்கல்லும் கலவையும் மட்டும். உள்ளே கூடாகவும், ஒவ்வொரு நிலையிலும் முன்னும் பின்னும் வாசல் திறப்புகளோடும் கட்டுவதால் எடை குறைகிறது. வேலையாட்கள் ஏறி இறங்கவும் சாமான் மாற்றவும் அந்தத் திறப்புகளே வழி. மேலே போகப் போகத் தளம் சுருங்குவதால், வேலை கடினமாகும் உயரத்தில் செய்ய வேண்டிய வேலையின் அளவு குறைந்துகொண்டே வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தில் மதுரைக் கோபுரங்களைப் போலச் சுதைப் பொம்மைகள் அடர்ந்திருக்கவில்லை. ஏறக்குறைய வெறும் கட்டட வரிகளாலேயே நிமிர்ந்து நிற்பதால், நிலை நிலையாக வேலை ஏறிய கணக்கை இதில் படிப்பது எளிது.

சுண்ணாம்புதான் அந்தக் கால வேலையின் கடிகாரம். சுட்ட சுண்ணாம்பை நீற்றி, குழியில் ஊறவிட்டு, மணலோடு சேர்த்துச் செக்கில் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டுப் பதப்படுத்தினால்தான் காரை கட்டுக்கு ஆகும். போட்ட காரை உடனே இறுகாது. கீழ்வரி இறுகுமுன் மேல்வரியை ஏற்றினால் சுவர் நெளியும். ஆகவே உயரமான கட்டடம் பருவம் பருவமாகத்தான் வளர முடியும். திருமலை நாயக்கர் மதுரையில் கட்டிய அரண்மனையும் இந்தச் சுண்ணாம்பின் வித்தைதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் பெயரால் வழங்கும் மகாலும் அதே வகைச் செங்கல், காரைக் கட்டடம். பின்னாளில் அதில் நீதிமன்றம் நடந்தது.

பணமும் ஆளும் ஒருசேர நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை ராயகோபுரம் சாட்சி. திருமலை நாயக்கர் தொடங்கிய அந்தக் கோபுரம் கல் வேலையோடு நின்றுபோனது. இன்றும் மொட்டையாகவே நிற்கிறது. திருவரங்கத்தின் தெற்கு ராஜகோபுரமும் அடித்தளத்தோடு பல நூற்றாண்டு கிடந்து, அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் ஜீயரின் முயற்சியால் 1979இல் மீண்டும் தொடங்கப்பட்டு, 1987 மார்ச்சில் 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்கு எழுந்தது. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் உச்சிவரை முடிந்து நிற்பதே அதன் முதல் சிறப்பு. அழகு அடுத்தபடிதான்.

கட்டி முடித்ததோடு பொறுப்பு தீர்வதில்லை. 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்த வேண்டும் என்ற வழக்கத்தில் பராமரிப்புக் கால அட்டவணை ஒன்று அடங்கியிருக்கிறது. பாலாலயம் செய்து மூலவரின் சக்தியை வேறிடத்தில் எழுந்தருளச் செய்வது வேலைத் தொடக்கம். குடமுழுக்கு நாள் குறிப்பது முடிவுத் தேதி. நடுவே செடி பிடுங்குவது, விரிசல் அடைப்பது, சுதை திருத்துவது, வண்ணம் பூசுவது எல்லாம் உபயதாரர் வாரியாகப் பிரியும். தேதியை மாற்ற முடியாத ஒப்பந்தம் அது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் தங்க விமானம் அமைத்து 2016 ஜனவரியில் சம்ப்ரோட்சணம் என்ற குடமுழுக்கு நடந்தபோதும் இதே முறைதான். ஸ்தபதியோடு இந்து சமய அறநிலையத் துறையின் பொறியாளரும் கணக்கரும் சேர்ந்திருந்ததே புதுமை.

கோயிலுக்கு வெளியே, ஊர் வீடுகளின் வேலையை நிர்ணயித்தவை மண்ணும் மழையும். மலையடிவாரத்தில் செம்மண், கிழக்கே சாத்தூர்ப் பக்கம் போகப் போகக் கரிசல். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் கடைக்கால் போட்டால் ஓரிரு வருடத்தில் சுவரில் மூலைக்கு மூலை விரிசல் ஓடும். அதனால் கரிசல் தீர்ந்து சரளையோ சுக்கானோ தட்டுப்படும்வரை வானம் என்ற கடைக்கால் குழி தோண்டுவதும், குழியில் மணல் கொட்டி நீர் விட்டு இறுக்குவதும் இந்தப் பக்கத்துக் கொத்தனார்களின் பால பாடம். பிற்காலத்தில் ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்கென்றே அடி பருத்த தூண் கடைக்காலை உருவாக்கியது. உறுதியான மண்ணில் போய் ஊன்ற வேண்டும் என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே.

செங்கலுக்குக் கண்மாய் வற்ற வேண்டும். வண்டல் எடுத்து அறுத்துக் காயவைத்துக் காளவாசலில் அடுக்கிச் சுடுவது தை முதல் ஆடிவரைக்கும் நடக்கக்கூடிய வேலை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் பச்சைக்கல் கரையும். வாஸ்து நாள் வருடத்தில் எட்டு. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனியில் கிடையாது. வாஸ்து நாளை நம்பிக்கையின் பாற்பட்டது என்று தள்ளிவிடலாம். ஆனால் கல் வாங்குவது எப்போது, வானம் தோண்டுவது எப்போது, கூரை மூடுவது எப்போது என்று ஊர் முழுதும் ஒத்துப்போவதற்கு ஒரு பொது நாட்காட்டி கிடைத்தது என்பதும் உண்மை. தை, மாசியில் தொடங்கி மழைக்கு முன் கூரை ஏற்றிவிடுவதே கெட்டிக்காரத்தனம் என்று கருதப்பட்டது.

வசதியுள்ளோர் கட்டிய மச்சு வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் தளம் போட்டார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியே வந்த மலையாளத்து மரத்தை உத்திரமும் சட்டமுமாகப் பரப்பி, அதன்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கட்டை பட்டுத் தெறிக்கும் ஓசை மாறும்போது தளம் இறுகியதைக் கொத்தனார் கண்டுகொள்வார். தர ஆய்வு என்று தனியே ஒரு ஆள் கிடையாது. அந்தக் காதுதான் ஆய்வு.

கும்பினி ஆட்சியில் பொறுப்பு காகிதத்துக்கு மாறியது. 1817ஆம் ஆண்டின் 7ஆவது ஒழுங்குவிதி கோயில், சத்திரம், பாலம் முதலிய பொதுக் கட்டடங்களின் மானியங்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்குக் கொண்டுவந்தது. 1850களில் பொதுப்பணித் துறை உருவானதும் எஸ்டிமேட், விலைப்பட்டியல், அளவுப் புத்தகம் ஆகிய மூன்றும் வேலையின் உயிர்நாடிகள் ஆயின. எம் புக் என்று இன்றும் சொல்லப்படும் அளவுப் புத்தகத்தில் ஓவர்சியர் நீளம், அகலம், உயரம் எழுதினால்தான் பில். பில் ஆனால்தான் பணம். ஸ்தபதியின் சொல்லுக்கு இருந்த மதிப்பு அந்தப் புத்தகத்தின் பக்க எண்ணுக்குப் போனது. திருட்டைக் குறைத்த ஏற்பாடுதான். ஆனால் அளக்க முடியாத நேர்த்திக்கு அதில் பத்தி கிடையாது.

இதே மலைத்தொடரில் நடந்த முல்லைப் பெரியாறு அணை வேலை பொதுப்பணித் துறைக்கு வாய்த்த பெரிய சோதனை. 1887இல் தொடங்கி 1895இல் திறக்கப்பட்ட அந்த அணையை, வழக்கமான ஒப்பந்தக்காரர்கள் நுழையத் தயங்கிய காட்டில், ஜான் பென்னிகுயிக் தலைமையில் துறையே பெரும்பாலும் நேரடியாக ஆள் வைத்துக் கட்டியது. மலேரியா பருவத்தில் வேலை நிறுத்தம், வெள்ளம் வரும் மாதங்களில் தற்காலிக அணைகளைக் காப்பது, மலைமேல் சுண்ணாம்பும் அரிசியும் ஏற்றுவது என்று கட்டுவதைவிட நடத்துவதே பெரும்பாடாக இருந்தது. அணைக்குப் பயன்பட்டதும் சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் சேர்ந்த கலவைதான்.

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் 1910இல் புதிய ராமநாதபுரம் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1927இல் விருதுநகர் - தென்காசி மீட்டர்கேஜ் பாதை இரண்டு ஊர்களையும் தொட்டுக்கொண்டு திறக்கப்பட்டது. கட்டட வேலைக்கு இதனால் வந்த மாற்றம் பெரிது. இரும்புத் தூண், தகரம், கம்பி, சிமெண்ட் மூட்டை என எல்லாம் வேகனில் வந்து இறங்கத் தொடங்கின. வண்டி மாட்டின் நடைக்கு வேலை காத்திருந்த காலம் போய், வேகன் வந்த அன்று இறக்காவிட்டால் வாடகை ஏறும் காலம் வந்தது.

ராஜபாளையம் மில்ஸ் 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜாவால் (1894 - 1962) பங்கு நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. நூற்பாலை, ஊர் அதுவரை கண்ட கட்டடங்களிலிருந்து ஒரு விதத்தில் அடிப்படையிலேயே வேறுபட்டது. கோயிலில் கட்டடம்தான் முடிவுப் பொருள். ஆலையில் கட்டடம் இயந்திரத்துக்கு உறை. எந்தத் தூணும் இயந்திர வரிசைக்கு வழிவிட வேண்டும். தரை மட்டம் பிசகக் கூடாது. கப்பலேறி வரும் இயந்திரம் வந்து சேருமுன் கூரை மூடியாக வேண்டும். தாமதத்துக்கு வட்டி உண்டு என்பதை இந்த ஊர் கற்றது ஆலைகளிடம்தான். பங்குதாரர் போட்ட பணம் உற்பத்தி தொடங்கும்வரை சும்மா கிடக்கிறது என்ற கணக்கைக் கோயில் திருப்பணியில் யாரும் போட்டதில்லை.

அடுத்த திருப்பம் சிமெண்ட். 1957இல் ராமசாமி ராஜா மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். விருதுநகருக்கு அருகே துலுக்கப்பட்டியில், பின்னர் ராமசாமிராஜா நகர் என்று பெயர் பெற்ற இடத்தில், 1960களின் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 200 டன் திறனோடு உற்பத்தி தொடங்கியது. 2013 முதல் அதன் பெயர் ராம்கோ சிமெண்ட்ஸ். இந்த வட்டாரத்தின் சுண்ணாம்புக்கல் தலைமுறை தலைமுறையாகக் காளவாசலில் வெந்து காரையானது. இப்போது அதே கல் சூளையில் வெந்து மூட்டையாகி வந்தது. ஆனாலும் பக்கத்திலேயே ஆலை இருந்தும் மூட்டை எளிதில் கிடைக்கவில்லை. விலையும் விநியோகமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. 1982 பிப்ரவரியில் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. 1989 மார்ச்சில் முழுதும் நீங்கியது. அதுவரை வீடு கட்டுகிறவருக்குப் பெர்மிட் வாங்குவதே முதல் வேலை. சுவர் லிண்டல் மட்டம் வந்து, பெர்மிட்டுக்காக மாதக்கணக்கில் நின்ற வீடுகள் அந்தத் தலைமுறைக்குப் பழக்கமான காட்சி.

சிமெண்ட் வேலையின் வேகத்தை மாற்றியது. அதோடு தவறின் விலையையும் ஏற்றியது. சுண்ணாம்புக் கலவை பொறுத்துப் போகும். சிமெண்ட் அரை மணிக்கு மேல் எந்த நேரமும் இறுகத் தொடங்கிவிடலாம். ஆகவே தளம் போடும் நாள் ஒரு வீட்டு வேலையின் உச்சம். முதல் நாளே சென்ட்ரிங் பலகையும் முட்டும் சரிபார்த்து, கம்பி கட்டி, மின் குழாய் பதித்து, தண்ணீர்த் தொட்டி நிரப்பி வைத்தாக வேண்டும். விடிகாலையில் கலவை இயந்திரம் உருளத் தொடங்கினால் கடைசிச் சட்டி கொட்டும்வரை நிற்காது. நடுவில் நின்றால் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாமல் கோடு விழும், பின்னாளில் அங்கேதான் ஒழுகும். சிமெண்ட் ஒரு மூட்டை குறைந்தாலோ, ஆள் நான்கு பேர் வராமல் போனாலோ அன்று ஈடுகட்ட வழியில்லை. மேஸ்திரியின் திறமை வெளியாவது அன்றைக்குத்தான். அவரிடம் அட்டவணை எதுவும் எழுத்தில் இராது. ஆனால் யார் ஜல்லி அள்ளுவது, யார் சட்டி மாற்றுவது, வைப்ரேட்டர் எந்த மூலையிலிருந்து வருவது என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். அன்று வீட்டுக்காரர் எல்லோருக்கும் சாப்பாடு போடுவது வழக்கம். அது மரியாதைக்காக மட்டும் போடும் சாப்பாடு அல்ல. ஆள் வெளியே போய்த் திரும்புவதற்குள் கலவை இறுகிவிடும்.

பிறகு காத்திருப்பு. இந்தியத் தர நிர்ணய விதியான ஐஎஸ் 456, நாலரை மீட்டர்வரை நீளும் தளத்துக்கு 7 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் முட்டு நிற்க வேண்டும் என்கிறது. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு வகைக்கு 10 நாள் நீராற்ற வேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவதை எல்லோரும் செய்கிறார்கள். முட்டுகளை முன்கூட்டியே பிரித்து அடுத்த வேலைக்குக் கொண்டுபோகும் ஆசைதான் ஆபத்து. சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை என்பதால் அந்த ஆசை எப்போதும் உண்டு.

மேஸ்திரி முறையின் பொருளாதாரம் சனிக்கிழமையைச் சுற்றியது. லேபர் காண்ட்ராக்ட் என்றால் சாமான் வீட்டுக்காரருடையது, ஆள்கூலி சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரியோடு பேச்சு. வாரக் கடைசியில் வீட்டுக்காரர் தரும் தொகையிலிருந்து கொத்தனாருக்கும் பெரியாளுக்கும் சித்தாளுக்கும் அவர் பிரித்துத் தருவார். கட்டட நிலைக்கும் கொடுத்த பணத்துக்கும் பொருத்தம் இருக்கும்வரை வேலை ஓடும். பணம் முந்திவிட்டால் மேஸ்திரி அடுத்த வீட்டுக்கு ஆளை மாற்றிவிடுவார். வேலை முந்திவிட்டால் வீட்டுக்காரர் கை சுருங்கும். சித்தாள் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. கரணை பிடித்துச் சுவர் கட்டும் இடத்துக்கு அவர்களை இந்தத் தொழில் அனுமதித்ததில்லை என்பது அதன் பெருங்குறை. கட்டுமானத் தொழிலாளருக்கான நலவாரியத்தைத் தமிழக அரசு 1994இல் அமைத்தது. 1996ஆம் ஆண்டின் மத்தியச் சட்டங்கள் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தை இத்தகைய நலநிதிக்கு வரியாக வாங்க வழி செய்தன.

உலக அளவில் கட்டுமான மேலாண்மை தனி அறிவுத் துறையானதும் ராமசாமி ராஜா சிமெண்ட் நிறுவனம் தொடங்கிய காலத்தில்தான். அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்துக்காக 1957இல் உருவான முறை, எந்த வேலை ஒரு நாள் தாமதித்தால் மொத்தமும் ஒரு நாள் தாமதிக்குமோ அந்தச் சங்கிலியைக் கண்டுபிடிக்க வழி காட்டியது. அடுத்த ஆண்டே போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு அந்நாட்டுக் கடற்படை இன்னொரு முறையை உருவாக்கியது. இந்த வட்டாரத்தில் அவற்றைப் பாடமாகக் கொண்டுவந்தவை கிருஷ்ணன்கோவிலில் 1984இல் தொடங்கிய கலசலிங்கம் பொறியியல் கல்லூரியும், 2013இல் ராஜபாளையத்தில் தொடங்கிய ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும்.

பாடம் வந்ததாலேயே ஊர் வேலை சீர்ப்பட்டுவிடவில்லை. அண்மை ஆண்டுகளில் ராஜபாளையத்தில் தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர்த் திட்டமும், பாதாளச் சாக்கடையும், ரயில்வே மேம்பாலமும் ஒரே காலத்தில் நடந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி நிதி, தனித் துறை, தனி ஒப்பந்தம். ஒவ்வொன்றுக்குள்ளும் கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம். மூன்றுக்கும் பொதுவாக வரிசை போடும் ஒருவர் இல்லாததன் பலனைத் தோண்டிக் கிடந்த சாலைகளில் ஊர் அனுபவித்தது. மயமதத்தின் ஸ்தபதிக்கு இருந்த அதிகாரம் எந்த ஒருவரிடமும் இன்று இல்லை. அளவுப் புத்தகம் ஆளுக்கொன்றாக மூன்று இருந்தது.

2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது 8 வீடுகளுக்கு மேற்பட்ட விற்பனைத் திட்டங்களைப் பதிவு செய்யச் சொல்கிறது; முடிக்கும் தேதியை முன்கூட்டியே அறிவிக்கவும் கட்டாயப்படுத்துகிறது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வரைபடத்துக்கும் மேற்பார்வைக்கும் பதிவு பெற்ற வல்லுநர்களைப் பொறுப்பாக்குகின்றன. இந்த இரண்டு ஊர்களிலும் எழும் தனி வீடுகளில் பெரும்பாலானவை முதல் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை; இரண்டாவதன்படி வரைபடத்தில் கையொப்பமிடுபவர் பொறியாளர். சாமானை வரவழைத்து, ஆளை நிறுத்தி, சனிக்கிழமைக் கணக்கை முடித்து, வரிசை தப்பாமல் வீட்டை எழுப்புபவர் பல இடங்களில் இன்றும் மேஸ்திரிதான். அனுமதி ஆவணத்தில் அவர் பெயருக்கு இடம் கிடையாது.